எந்தக் கடையில் வைக்கப்போகிறாய், அம்முணி?

அம்முணி, ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, கண்டக்டர் விசில் ஊதப்போகிற நேரம் பார்த்து, "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். "ரெண்டு கடையிலயும் வெச்சுரு சாமி, எதுக்கு ஒருத்தன் பகை" என்றேன். நீ சிரித்தாய், பஸ் கிளம்பிவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கடையிலும் வைக்க முடியாது, ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்பதைத்தானே காலையிலிருந்து தாளில் கட்டம் போட்டு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். அத்தனையும் கேட்டு, தலையாட்டி, டீயும் குடித்துவிட்டு, கடைசியில் அப்படி ஒரு பதில் சொன்னேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் எது சொன்னாலும் நீ "சரிங்கப்பா" என்கிறாய். அது எந்தச் சரி என்று இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியச் சாப்பாடு முடிந்தாயிற்று, லாரிக்கு லோடு கேட்டு யாரும் கூப்பிடாத நேரம், வெளியே திருச்சி ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும். உன் சிநேகிதி ஜெனிபரும் படிக்கட்டும், அவளும் இந்த ஆட்டத்தில் பாதிப் பங்குக்காரிதானே. தன் பிள்ளை என்ன தொழில் செய்கிறது என்று ஊராருக்குச் சொல்லத் தெரியாமல் முழிக்கிற வேறு அப்பன்மார் இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஆட்டம் ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது துப்பாக்கி, கார் பந்தயம் என்று எதையோ நினைத்தேன். சேலம் சூரமங்கலத்தில் மருந்துக் கடைக்கு மேலே நீங்கள் பிடித்திருக்கிற ரூமுக்கு வந்து பார்த்தால், திரையில் ஒரு பஸ் ஸ்டாண்ட். மழை பெய்துகொண்டே இருக்கிறது. ஆட்கள் வந்து வந்து நிற்கிறார்கள். அவரவர் போக வேண்டிய ஊர் எது என்று கேட்டு, சரியான பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டமே. "இதுல ஜெயிக்கறது எப்படி?" என்றேன். "ஜெயிக்கறதெல்லாம் இல்லீங்கப்பா" என்றாய். "அப்ப தோக்கறது?" என்றேன். "அதுவும் இல்லீங்க." அன்றைக்கே எனக்கு லேசாகக் கலக்கம்தான். ஆனாலும் ஆட்டத்துக்குக் குரல் பிடிக்க நீ மைக்கைக் கையில் கொடுத்து, "நாமக்கல், நாமக்கல்னு கத்துங்கப்பா" என்றதும் கூச்சமில்லாமல் கத்தினேன். கீழே மருந்து வாங்க வந்த ஆள் என்னவோ ஏதோ என்று மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

இனி கடை விஷயம். நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. இந்த ஆட்டத்தை டப்பாவில் போட்டு விற்பதில்லை, கடையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. பெரிய பழைய கடை ஒன்று, அதற்குப் போட்டியாக வந்த புதுக் கடை ஒன்று. பழைய கடைக்காரன் விற்கிற பத்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொள்கிறான். புதுக் கடைக்காரன் அதில் பாதிகூட எடுப்பதில்லை. ஆனாலும் ஜனம் பழைய கடையில்தான் நிற்கிறது. ஏன் என்று கேட்டதற்கு உன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாய். கல்லூரிக் காலத்திலிருந்து நீ வாங்கின ஆட்டமெல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கிறது, கூட விளையாடுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கடை மாறினால் வீடு மாறுகிற மாதிரி, ஆனால் சாமான் எதையும் எடுத்துப்போக முடியாது என்றாய். காசு கொடுத்து வாங்கின சாமானை எடுத்துப்போக முடியாது என்றால் அது எப்படி வாங்கினதாகும் என்று கேட்டேன். "அதை இன்னொரு நாளைக்குப் பேசலாங்கப்பா" என்று நழுவிவிட்டாய்.

பத்துக்கு மூன்று அநியாயம் என்று நீயும் ஜெனிபரும் பொரிந்து தள்ளினபோது எனக்குச் சுருக்கென்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் கமிஷன்காரன்தான். லோடு வைத்திருக்கிறவனுக்கும் லாரி வைத்திருக்கிறவனுக்கும் நடுவில் ஒரு மேஜை, இரண்டு போன், இந்த லாரி புக்கிங் ஆபீஸ். நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் ஒன்றும் செய்யாமல் தின்கிறான் என்று ஒவ்வொரு லாரிக்காரரும் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். அந்தக் கமிஷனில்தான் உனக்கு ஸ்கூல் பீஸ் கட்டினேன், நீ ஆட்டம் செய்கிற கம்ப்யூட்டரும் அதில் வந்ததுதான். அதனால் நீ பழைய கடைக்காரனைத் திட்டுகிறபோது யாரோ என்னையே திட்டுவதுபோல இருந்தது. ஆனால் நான் பத்துக்கு மூன்று வாங்கியிருந்தால் இந்த ஊரில் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் நிஜம்.

புதுக் கடைக்காரன் வாராவாரம் ஆட்டங்களை இனாமாகக் கொடுக்கிறான் என்று சொன்னாயே, அது மட்டும் எனக்குச் சட்டென்று விளங்கியது. நம் தொழிலிலும் லோடு பிடித்துத் தருகிற ஆப்கள் வந்தபோது அப்படித்தான் நடந்தது. கமிஷன் கிடையாது, சேர்ந்தால் டீசல் கூப்பன், தீபாவளிக்குப் பெட்ஷீட். டிரைவர்கள் எல்லா ஆப்பையும் போனில் ஏற்றிக்கொண்டு, பெட்ஷீட்டை வாங்கிக்கொண்டு, லோடுக்கு என் ஆபீஸுக்கே வந்தார்கள். நீயும் இனாமாக வந்த ஆட்டங்களை அள்ளி வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை என்றாய், சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்கு மேல் யோசித்தால் மறுபடி குழம்பிப்போகிறேன். அந்த ஆப்களில் ஒன்று ஒரே வருஷத்தில் காணாமல் போய்விட்டது. இன்னொன்று இன்றைக்கு என் பிழைப்பில் பாதியைத் தின்றுகொண்டிருக்கிறது. வந்த புதிதில் இரண்டுமே ஒரே மாதிரிதான் இருந்தன. உன் புதுக் கடை இதில் எந்த வகை என்று நான் எப்படிச் சொல்வேன்?

இப்போது பரமத்தி வேலூர் காதுகுத்து விஷயத்துக்கு வருகிறேன். இதை நீ பேசுவதில்லை, நானாகத்தான் எடுக்க வேண்டும். ஆட்டம் விற்பனைக்கு வருவதற்கு முன்னாலேயே பழைய கடையில் அதற்கு ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறோம், வேண்டும் என்கிறவர்கள் ஒரு பட்டனை அமுக்கி வைப்பார்கள், எத்தனை பேர் அமுக்குகிறார்களோ அத்தனைக்குக் கடைக்காரன் நம் ஆட்டத்தை நாலு பேர் கண்ணில் காட்டுவான் என்று நீதான் சொன்னாய். இதைக் கேட்டுவிட்டு எந்த அப்பன் சும்மா இருப்பான்? நம் ஜனத்தில் ஒரு வீட்டுக் காரியம் என்றால் வாயால் வாழ்த்திவிட்டுப் போகிற பழக்கம் கிடையாது. ஊரையும் பேரையும் சொல்லி மொய் எழுதிவிட்டுத்தான் பந்திக்கே போவோம். உன் அத்தை வீட்டுக் காதுகுத்தில் மொய் மேஜைக்குப் பக்கத்தில் நான் இன்னொரு மேஜை போட்டேன். வீடியோக்காரரின் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "அம்முணி ஆட்டத்துக்கு ஒரு அமுக்கு அமுக்கீட்டுப் போங்க" என்று வருகிறவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்தேன். கடையில் கணக்கு இல்லாதவர்களுக்கு வீடியோக்காரரே திறந்து கொடுத்தார். மறந்துவிடக் கூடாது என்று பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒன்றேதான். சும்மா அமுக்கினால் போதுமா, கீழே எழுத இடம் இருக்கிறதே என்று, "ஆட்டம் சிறப்பாக நடக்க வாழ்த்துகிறோம், இப்படிக்கு மாரப்பன் குடும்பத்தார், ஜேடர்பாளையம்" என்கிற மாதிரி வரிசையாக வாழ்த்தும் போட்டோம். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். சொல்லாமல் செய்தால்தான் சந்தோஷம் என்று அவளைப் பந்திக்கு அனுப்பிவிட்டேன்.

கடைக்காரனிடமிருந்து வந்த மெயிலை நீ தமிழில் படித்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து, ஒரே பொழுதில், ஒரே மாதிரி இத்தனை கணக்குகள் வந்திருக்கின்றன, இவை மெய்யான ஆட்களுடையவை அல்ல என்று சந்தேகப்படுகிறோம், விசாரிக்கிற வரை உங்கள் பக்கத்தை மறைத்து வைக்கிறோம். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. மாரப்பன் மாமன் மெய்யான ஆள் இல்லையா? அன்றைக்குப் பந்தியில் ரசத்துக்கு மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரை இல்லாத ஆள் என்று எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவன் எப்படிச் சொல்லலாம்? நானே கடைக்கு ஒரு பதில் எழுதுகிறேன், வேண்டுமானால் ஆதார் கார்டு அனுப்பச் சொல்கிறேன் என்று குதித்தேன். நீ கத்தவில்லை. "மாமா நெசமான ஆள்தாங்கப்பா. அவரு வெளையாட மாட்டாரில்ல, அதான் பொய்" என்றாய்.

அதை நான் பாதிதான் புரிந்துகொண்டிருக்கிறேன். கையில் லோடே இல்லாமல், லோடு இருக்கிறது என்று சொல்லி ஒரு லாரியை ஆபீஸ் வாசலுக்கு வரவழைத்தால் அது பொய், அதை நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. காதுகுத்தில் நான் செய்ததும் அதுதான் என்று வைத்துப் பார்த்தால் விளங்குகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த ஜனத்தின் பிரியம் பொய்யில்லையே. பிரியத்தையும் பொய்யையும் ஒரே பட்டனில் வைத்தால் நான் என்ன செய்வேன்? அந்த விசாரணை முடிவதற்குள் பழைய கடையில் புது ஆட்டங்களுக்கு நடத்துகிற திருவிழா வந்து போய்விட்டது. நீங்கள் இரண்டு பேரும் அதற்காகத்தான் தூக்கம் இல்லாமல் உழைத்தீர்கள் என்பதை ஜெனிபரின் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுகொண்டு, குறையாகச் சொல்லாமல் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். நீயோ "விடுங்கப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

திருவிழா போன பிறகுதான் புதுக் கடைக்காரனின் அழைப்பு வந்தது. முன்பணம் தருகிறேன், ஒரு வருஷத்துக்கு என் கடையில் மட்டும் விற்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல். இதற்கு நம் தொழிலில் பேர் இருக்கிறது, அட்டாச். லாரியை ஒரு கம்பெனிக்கு அட்டாச் போட்டுவிட்டால் அவன் லோடு மட்டும்தான் ஏற்ற வேண்டும், லோடு இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் பணம் வரும். உன் சின்னச்சாமி சித்தப்பன் அப்படிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினவன்தான். கம்பெனி ஒருநாள் அட்டாச்சை எடுத்ததும் வண்டியை இந்த ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். எந்த புக்கிங் ஆபீஸிலும் அவனைத் தெரியவில்லை, கூடப் பிறந்த என்னைத் தவிர. "அண்ணா, நம்மள ஒருத்தனும் ஞாபகம் வெச்சிருக்கலீங்" என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அழாத குறையாகச் சொன்னான். இதை நினைத்தால், வேண்டாம் சாமி, அட்டாச் போடாதே என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் நீ பிறந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியுமல்லவா? நாக்பூரில். அப்போது ஆபீஸ் இல்லை, சொந்த லாரி, அன்றன்றைக்குக் கிடைத்ததை ஏற்றுகிற மார்க்கெட் லோடு. போகிற லோடு கிடைத்தது, திரும்பி வருகிற லோடு கிடைக்கவில்லை. காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால் டீசலுக்கே கட்டாது என்று, வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு நாள் கணக்கில் கிடந்தேன். எஸ்.டி.டி பூத்துக்குப் போய்க் கேட்டுத்தான் பெண் பிறந்திருக்கிறது என்று தெரிந்தது. அட்டாச் வண்டியாக இருந்திருந்தால் எந்தத் தேதிக்கு வீட்டில் இருப்பேன் என்று உன் அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன். இதை நினைத்தால், முன்பணத்தை வாங்கிக்கொள் கண்ணு, ரூம் வாடகை யோசனை இல்லாமல் ஒரு வருஷம் வேலையைப் பார் என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டையும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாற்றி மாற்றி யோசித்துவிட்டேன். காலையில் ஒன்று சரி, சாயங்காலம் மற்றது சரி. உன் அம்மாவைக் கேட்டால், "லாரியையும் ஆட்டத்தையும் ஒண்ணாக் கட்டிக் குழப்பாதீங்க, அவளுக்குத் தெரியும்" என்கிறாள்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம், அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய கடையில் என்னால் பேர் கெட்டுவிட்டது, இனி அங்கே நமக்கு வழியில்லை என்று நினைத்து நீ புதுக் கடைக்குச் சரி சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு, அப்பா மனசு நோகும் என்று காரணத்தை என்னிடம் மறைத்தும் விடுவாய். உன்னை எனக்குத் தெரியும். அல்லது நேர்மாறாக, அப்பா செய்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடக் கூடாது என்று பழைய கடையையே பிடித்துக்கொண்டு நிற்பாய். இரண்டும் வேண்டாம் அம்முணி. மறைத்து வைத்திருந்த பக்கம் திரும்பி வந்துவிட்டது, நம் ஜனத்தை எல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருக்கிறவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காட்டினாய். அதில் எந்த நாட்டுக்காரனோ ஒருவன், அங்கே போட்டிருக்கிற ஆட்டத்து வீடியோவைப் பார்த்துவிட்டு, பின்னால் ஒரு ஆள் கத்துகிறாரே, அது என்ன ஊர், மெய்யாகவே அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று கேட்டிருந்தான். நீ அதைப் படித்துக் காட்டிவிட்டு, "புதுக் கடைக்குப் போயிட்டா இவங்ககிட்ட என்னப்பா சொல்றது?" என்று கேட்டபோது உன் குரல் கொஞ்சம் கம்மிப்போனது. நான் அதைக் கவனித்தேன்.

நேற்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீ ஏற்றிவைத்துவிட்டுப் போன ஆட்டத்தை முதல் தடவையாக நானே உட்கார்ந்து விளையாடினேன். இத்தனை நாளும் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி. தோளில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்து ராசிபுரம் பஸ் எது என்று கேட்டார். நான் அவசரத்தில் அவரைக் கரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆட்டம் முடிந்தது என்று திரையில் எழுதி வரும் என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. மழை பெய்தது, வேறு ஆட்கள் வந்தார்கள், உள்ளே என் குரல் நாமக்கல் நாமக்கல் என்று கத்திக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து ஒரு பஸ்ஸிலிருந்து அதே ஆள், அதே பலாப்பழத்தோடு இறங்கி வந்து, முன்பு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "ராசிபுரம் பஸ் எதுங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவரை அப்படி நடந்துகொள்ள வைத்தது நீதானே என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, லோடு எதாச்சும் கவுந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

அதனால் என் பதில் இதுதான், இதைப் பதில் என்று ஒத்துக்கொள்வாயோ என்னவோ. எந்தக் கடை என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு எது தோன்றுகிறதோ அந்த பஸ்ஸில் ஏறு. அது கரூர் போனால் இறங்கித் திரும்பி வா, நான் இங்கே நின்றுகொண்டுதான் இருப்பேன். எந்தக் கடை என்று மட்டும் போனில் சொல். நானே கணக்குத் திறந்துகொள்வேன், பாஸ்வேர்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆட்டம் வருகிற அன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவேன், மாரப்பன் மாமனை அழைத்து வராமல், வாழ்த்து எழுதாமல், தனி ஆளாக. இந்தத் தடவை கடைக்காரன் என்னைக் கழிக்க முடியாது சாமி, நான் விளையாடுகிற ஆள். அந்தப் பலாப்பழத்துக்காரரை இன்னும் ராசிபுரத்துக்கு அனுப்பி முடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் வண்டிக்குக் கத்துகிறவன்.